காந்தம் ஒட்டும் கத்தரி: மீன்தொட்டிச் செடிக் கருவிகள் குறித்த ஓர் ஆராய்ச்சி

ஆம்பல், குவளை, நெய்தல் என்று நீர்ப்பூக்களைத் தமிழ் பாடிக்கொண்டே வந்திருக்கிறது. அவற்றை எதைக் கொண்டு கொய்தார்கள், அந்தக் கருவியின் முனை நேரா வளைவா, நீளம் எத்தனை விரற்கடை என்றெல்லாம் விசாரிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கையால் பறித்தார்கள், அவ்வளவுதானே என்று விட்டிருக்கலாம். குளத்துக்குக் கை போதும். இரண்டடி நீளமும் ஒன்றேகால் அடி உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டிக்குப் போதாது. இந்தக் குறையைப் போக்கவே இவ்வாராய்ச்சி மேற்கொள்ளப்படுகிறது. இப்படியொரு ஆராய்ச்சி வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை என்பதால் இதன் தேவை குறைந்துவிடாது.

ஆய்வெல்லையை முதலில் வகுத்துக்கொள்வோம். தொட்டிச் செடியை நடுவதற்கும், வெட்டுவதற்கும், அதன் மேல் படியும் பாசியை அகற்றுவதற்கும் கையில் பிடிக்கும் பொருள்களே இங்கு கருவி எனப்படும். விளக்கு, ஃபில்டர், கார்பன்டைஆக்சைடு சிலிண்டர் ஆகியவை செலவு என்னும் தனிப்பெரும் துறையைச் சேர்ந்தவை. அவற்றை ஆராய வேறு மனத்திடம் வேண்டும்.

வரலாற்றைப் பார்த்தால், இத்துறையின் முதல் கருவி எஃகால் ஆனதன்று. 1850 வாக்கில் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர், தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியையும் ஒரே கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்துப் பார்த்தார். செடி மீனுக்கு ஆக்சிஜன் தரும், மீன் செடிக்குக் கரியமில வாயு தரும், வரவும் செலவும் நேராகிவிடும் என்பது கணக்கு. நேராகவில்லை. பழுத்த இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது, பச்சைப் பசை படிந்தது. வாரிங்டன் கத்தரிக்கோலைத் தேடிப் போகவில்லை. குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகலைத் தின்று தீர்த்தன. ஆக, ஆதிக்கருவி நத்தை. அதற்குத் துரு கிடையாது, சாணை பிடிக்க வேண்டாம், தானாகவே பெருகும். அந்தக் கடைசிச் சிறப்பு எத்தகையது என்பதைத் தொட்டியில் நத்தை புகுந்துவிட்டவர்களைக் கேட்டால் சொல்வார்கள். சென்னை மெரினாவிலும் 1909இல் ஒரு மீன்காட்சியகம் திறந்தார்கள். அது கடல் மீன்களுக்கானது என்பதால் நம் ஆராய்ச்சி அதன் வாசலோடு திரும்பிவிடுகிறது.

கத்தரிக்கும் இடுக்கிக்கும் மரியாதை வந்தது ஜப்பானியரான தகாஷி அமானோவால். சைக்கிள் பந்தய வீரராக இருந்து புகைப்படக் கலைஞரானவர். 1982இல் நீகாட்டாவில் ஏடிஏ நிறுவனத்தைத் தொடங்கினார். மீனுக்காகச் செடி என்றிருந்ததை மாற்றி, தொட்டிக்குள் மலையும் காடும் புல்வெளியும் எழுப்பினார். புல்வெளி என்று வந்துவிட்டால் வெட்டியாக வேண்டும். நீண்ட கைப்பிடியும் குறுகிய அலகும் கொண்ட கத்தரிகள், ஓரடி நீள இடுக்கிகள் எல்லாம் இந்தத் தேவையின் பிள்ளைகள். 2015இல் லிஸ்பன் ஓசனேரியத்தில் அவர் அமைத்த தொட்டி 40 மீட்டர் நீளம், 1,60,000 லிட்டர் கொள்ளளவு. முழங்கையை நனைத்து முடிக்கிற வேலையன்று அது. இத்தனைக்கும் இடையில், பாசியைத் தின்னட்டும் என்று அவர் பரப்பிய சிற்றிறால்தான் இன்று 'அமானோ இறால்' என்று அவர் பெயரைச் சுமக்கிறது. வாரிங்டனின் நத்தைக்கு வாரிசு உயிருடன்தான் இருக்கிறது.

இனி கோட்பாடு. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என்று பகுத்தார். முன்னதில் பிறர் கொள்கையை மறுத்துவிட்டுப் பின்னதில் தம் கொள்கையை நிறுவினார். தொட்டிக் கத்தரிக்கும் அதுவே ஏற்ற முறை. மறுக்க எதிர்த்தரப்பு இல்லாவிட்டால் ஆராய்ச்சிக்கு நடை வராது.

எதிர்த்தரப்பில் முதலில் வருவோர் கைவாதிகள். 'ஆண்டவன் பத்து விரலைக் கொடுத்திருக்கிறான், நகத்தால் கிள்ளினால் ஆயிற்று' என்பது இவர்கள் கட்சி. ரோட்டாலா போன்ற தண்டுச்செடியின் நுனியில் உற்பத்தியாகும் ஆக்சின் கீழிறங்கி, கணுக்களில் உள்ள பக்கமொட்டுகளை எழவிடாமல் அடக்கி வைக்கிறது. நுனி போனால் அடக்குமுறை போகிறது. வெட்டுக்குக் கீழுள்ள கணுவிலிருந்து பக்கக்கிளைகள் கிளம்புகின்றன. தொட்டி அடர்வதன் ரகசியம் இவ்வளவுதான். நகத்தால் கிள்ளினாலும் நுனி போகும் என்பது உண்மை. ஆனால் கிள்ளிய இடம் நசுங்குகிறது, நசுங்கிய திசு தண்ணீரில் அழுகுகிறது, அழுகல் கணுவரைக்கும் இறங்கினால் மொட்டும் போகிறது. மேலும், நான்கு விரல் மண்ணுக்குள் போய் வந்தால் மண் கலங்குகிறது. பக்கத்தில் கிரிப்டோகோரைன் இருந்தால், வேரைச் சற்று அசைத்ததற்கே கோபித்துக்கொண்டு இலை முழுவதையும் கரைத்துவிடும். இலங்கையின் ஓடைகளில் பிறந்த வென்டீ போன்ற கிரிப்ட் வகைகளை வளர்ப்போர் இந்தக் கோபத்தை அறிவார்கள்.

இரண்டாமவர் வீட்டுக்கத்தரிவாதிகள். 'வீட்டில்தான் ஒன்று கிடக்கிறதே' என்பது இவர்கள் சூத்திரம். அந்த ஒன்று பால் பாக்கெட்டுக்கும், பார்சல் டேப்புக்கும், சில வீடுகளில் மீசைக்கும் பொதுவானது. நீளம் போதாமல் மணிக்கட்டு நனையும் என்பதைக் கூட மன்னிக்கலாம். பாக்கெட் கத்தரியை மீன் தொட்டியில் விட்டதற்காகச் சமையலறையிலிருந்து எழும் கேள்விகளுக்கு அறிவியலில் விடையில்லை. தையற்கத்தரியைத் தூக்கிக்கொண்டு வருவோரும் உண்டு. மீரட் கத்தரிகள் 2013இல் புவிசார் குறியீடு பெற்றவை. துணி வெட்டப் பிறந்த பொருளைத் தண்ணீரில் அமுக்குவது அதற்குச் செய்யும் அவமரியாதை.

மூன்றாமவர் செட்வாதிகள். ஜிப் வைத்த உறையில் நேர்க்கத்தரி, வளைகத்தரி, நேரிடுக்கி, வளையிடுக்கி, மண் சமன்செய்யும் தகடு என்று வரிசையாகக் குத்தி வைத்திருப்பார்கள். கறுப்பு முலாமோ பொன்முலாமோ பூசியிருந்தால் விலை ஏறும். 'செட்டா எடுத்தா லாபம் சார்' என்பது வணிக உலகின் மிகப் பழைய வாய்பாடு. இதில் ஒன்றோ இரண்டோதான் தினமும் தண்ணீரைப் பார்க்கும், மற்றவை உறையிலேயே மோட்சமடையும். காலாவதியான ஏடிஎம் கார்டு ஒன்று கையில் இருந்தால் சமன்செய்யும் தகட்டுக்கு வேலையே இல்லை. முலாம் பூசிய கத்தரியைச் சாணை பிடித்தால் முலாம் போகும், பிடிக்காவிட்டால் கூர் போகும். இறால் வளர்ப்போர் இன்னும் சற்று எச்சரிக்கையாக இருக்க வேண்டும். முலாமுக்கு அடியில் பித்தளை இருந்து, அதன் செம்பு நீரில் கரைந்தால் இறாலுக்கும் நத்தைக்கும் அது நஞ்சு.

நான்காம் தரப்பே வலியது. காந்தவாதிகள். எவர்சில்வர் பாத்திரம் வாங்கி வளர்ந்த குடும்பங்களில் இத்தரப்புக்கு ஒரு பிரதிநிதி இருப்பார். பெரும்பாலும் அத்தையாக இருப்பார். பாத்திரக்கடைக்குப் புறப்படும்போது பர்ஸில் ஒரு குட்டிக் காந்தம் போட்டுக்கொள்வார். ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் உசத்தி. தேக்சாவில் தொடங்கிய இக்கோட்பாடு டம்ளருக்கும் கரண்டிக்கும் பரவி, இப்போது மீன்தொட்டிக் கத்தரியையும் வந்தடைந்திருக்கிறது. வண்ணமீன் வணிகத்துக்குப் பேர்போன கொளத்தூரில், களப்பணியின்போது பதிவான உரையாடல் இது:

"அண்ணே, காந்தத்துல ஒட்டுதே இது?"

"ஒட்டும் சார்."

"அப்ப ஒரிஜினல் ஸ்டீல் இல்லியா?"

"ஒட்டாதது வேணும்னா அந்தாண்ட இருக்கு. ரெண்டு மாசத்துல வெட்டாது. பரவால்லியா?"

கடைக்காரர் சொன்னதை உலோகவியல் அப்படியே வழிமொழிகிறது. துருப்பிடிக்காத எஃகுக்கு இரண்டு குலங்கள். 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி, துப்பாக்கிக் குழாய் உள்ளே தேய்ந்துபோவதைத் தடுக்க வழி தேடி, சுமார் 13 விழுக்காடு குரோமியம் கலந்து ஓர் எஃகை வார்த்தார். துப்பாக்கி இருக்கட்டும், சாப்பாட்டு மேசைக் கத்திக்கு அது பொருத்தமாக அமைந்தது. காய்ச்சித் தோய்த்தால் இறுகும், கூர் நிற்கும், காந்தம் ஒட்டும். அதற்கு முந்தைய ஆண்டிலேயே ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்துக் குருப் ஆலை, குரோமியத்தோடு நிக்கலும் கலந்த இன்னொரு வகைக்குக் காப்புரிமை கோரியிருந்தது. அது அடித்தால் வளையும், பாத்திரமாக இழுபடும், காந்தம் ஒட்டாது, எத்தனை காய்ச்சினாலும் இறுகாது. முதற்குலத்தின் இன்றைய பிரதிநிதி 420 தர எஃகு. இரண்டாம் குலத்தது 304: குரோமியம் 18, நிக்கல் 8 விழுக்காடு. நம் வீட்டுத் தேக்சா எஸ்ஸன் குலம், கத்தி ஷெஃபீல்டு குலம். அத்தையின் காந்தம் பாத்திரக் குலத்தின் சட்டத்தைக் கத்திக் குலத்தின் மீது திணிக்கிறது.

பாத்திரத்துக்கேனும் அந்தச் சட்டம் செல்லுமா என்றால் அதுவும் ஐயம். நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டி, மலிவாகச் செய்யும் 200 வரிசை எஃகும் காந்தத்தில் ஒட்டாது. ஆனால் 304 அளவுக்கு உப்பைத் தாங்காது. மறுபக்கம், அசல் 304ஐயே குளிர்நிலையில் வளைத்தால் வளைந்த மூலையில் காந்தம் இலேசாகப் பிடிக்கும். இதை அத்தையிடம் எடுத்துரைப்பது ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டது.

இங்கிருந்து சுபக்கம் தொடங்குகிறது. தொட்டிக் கத்தரியின் அலகில் காந்தம் ஒட்ட வேண்டும். இடுக்கியில் ஒட்ட வேண்டியதில்லை. கத்தரிக்கு வேண்டியது கூர், ஆகவே ஷெஃபீல்டு. இடுக்கிக்கு வேண்டியது வளைந்து மீளும் தன்மையும் துருவுக்கு அஞ்சாமையும், ஆகவே எஸ்ஸன். இரண்டும் ஒரே எஃகில் செய்த செட்டில் ஏதோ ஒன்று தன் தொழிலுக்கு அந்நியமானது.

கூருக்குக் கொடுக்கும் விலை துரு. எஃகின் மேல் கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடு படலம் ஒன்று காவல் நிற்கிறது. கீறினால் காற்றிலும் நீரிலும் உள்ள ஆக்சிஜனைக் கொண்டு தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். குளோரைடு அதன் பகை. கடலோரச் சென்னையில் உப்பேறிய போர்வெல் தண்ணீரை நம்பித் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பகை குழாயிலேயே வருகிறது. துரு முதலில் அலகில் வராது. கத்தரியின் நடு ஆணிக்கு அடியில் வரும். அந்த இடுக்கில் தண்ணீர் தங்குகிறது, ஆக்சிஜன் போய்ச் சேருவதில்லை, படலம் அறுந்தால் மீள வழியில்லை. துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கும் கத்தரியில் ஆணியைச் சுற்றி மட்டும் ஒரு காவி வளையம் தெரிந்தால் காரணம் இதுதான். எனவே கடையில் அலகின் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன் ஆணியைப் பாருங்கள். தட்டி அடித்த ரிவெட்டா, திருப்புளியால் கழற்றக்கூடிய ஸ்குரூவா? ஸ்குரூவானால் கழற்றித் துடைக்கலாம், தளர்ந்தால் முடுக்கலாம். ரிவெட்டானால் உள்ளே நடப்பதைப் பார்க்கவே முடியாது.

அடுத்தது வெளிச்சச் சோதனை. கத்தரியை மூடி, டியூப்லைட்டுக்கு நேரே பக்கவாட்டில் பிடித்துப் பார்க்க வேண்டும். நல்ல கத்தரியில் இரண்டு அலகும் முழு நீளத்துக்கும் ஒட்டிக் கிடக்காது. ஆணியருகிலும் நுனியிலும் தொட்டுக்கொண்டு, நடுவில் மயிரிழை வெளிச்சம் விட்டிருக்கும். திறந்து மூடும்போது தொடுபுள்ளி ஆணியிலிருந்து நுனிவரை நகர்ந்து போவதே வெட்டு. பின்பு டிஷ்யூ பேப்பர் ஒன்றை நனைத்து, நுனியால் மட்டும் வெட்டிப் பார்க்க வேண்டும். நறுக்கென்று துண்டானால் வாங்கலாம். அலகுகளுக்கு நடுவே மடிந்து புகுந்துகொண்டால் ஜாவா மாஸ் செடியும் நாளை அதையேதான் செய்யும். இந்தச் சோதனையைக் கடைக்காரர் முன்னிலையில் செய்வதற்குக் கொஞ்சம் தோல்தடிப்பு வேண்டும். ஆராய்ச்சிக்கு அது அடிப்படைத் தகுதி.

நேர்க்கத்தரியா, வளைகத்தரியா, அலைபோல நெளிந்த 'வேவ்' கத்தரியா என்பதில் ஆர்வலர்கள் குழு பிரிந்து நிற்கிறார்கள். பின்வரிசைத் தண்டுச்செடிக்கு நேரானது போதும். தரையில் படரும் செடியை மட்டமாக வெட்ட அலகு மண்ணுக்கு இணையாகக் கிடக்க வேண்டும், கை மேலே இருக்க வேண்டும். அதற்கு வளைவு. வேவ் கத்தரி என்பது தரைப்படர்ச் செடியே தொழிலாகக் கொண்டவர்களுக்கும் பரிசளிக்க வேண்டிய மைத்துனர்களுக்கும்.

இடுக்கியின் உண்மையான சோதனைக்கூடம் ஹேர் கிராஸ் நடவு. மயிர் போன்ற நாலைந்து இழைகளைச் சேர்த்து, வேரோரமாகப் பிடித்து, மண்ணுக்குள் சாய்வாக இறக்க வேண்டும். பிடியைத் தளர்த்தி, இடுக்கியை இலேசாக நடுக்கி, வந்த சாய்விலேயே உருவ வேண்டும். மட்டமான இடுக்கியில் இந்த இடத்தில்தான் நாடகம். நுனியின் உள்பக்கப் பல்வரிசையில் பிசிறு இருந்தால் ஓர் இழை அதில் மாட்டிக்கொள்ளும். அந்த ஓர் இழை மற்றவற்றையும் அழைத்துக்கொண்டு வெளியே வரும். கோபத்தில் இறுக்கிப் பிடித்தால், மெல்லிய தகட்டில் செய்த இடுக்கி நுனியில் விரியும் அல்லது கத்தரிபோல் ஒன்றையொன்று தாண்டும். நட்ட செடிகள் ஒவ்வொன்றாக மேலெழுந்து மிதக்கும். அவற்றைப் பார்த்து மீன் கூடச் சற்று ஒதுங்கிப் போகும். ஆகவே கடையிலேயே தலைமுடி ஒன்றைப் பிடுங்கி நுனியால் பிடித்துப் பாருங்கள். இலேசான அழுத்தத்தில் நழுவக் கூடாது, விட்டவுடன் உதிர வேண்டும். நுனிமேல் பஞ்சைத் தடவினால் நூல் பிரிந்து ஒட்டக் கூடாது. முடி கைவசம் இல்லாதவர்கள் உடன் வந்தவரின் ஒத்துழைப்பை நாடலாம்.

நீளத்துக்கு ஒரு கணக்கு உண்டு. நீரின் ஒளிவிலகல் எண் 1.33. மேலிருந்து நேராகப் பார்த்தால் ஆழம் முக்கால்பங்காகத் தெரியும். 40 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடக்கும் மண் 30இல் கிடப்பதுபோல் கண் சொல்லும். கண்ணை நம்பி வாங்கியவருக்கு இடுக்கி பத்து சென்டிமீட்டர் குறையும், அந்தப் பத்தையும் சட்டைக்கை ஈடுகட்டும். ஒன்றேகால் அடி உயரத் தொட்டிக்கு, அடிமண்ணின் கனமும் மேலே விடும் இடைவெளியும் போக, 27 முதல் 30 சென்டிமீட்டர் நீளம் சரி. அதற்கு மேல் நீண்டால் கை நடுக்கம் நுனியில் பெருகும். பாரிமுனைப் பக்கத்து சர்ஜிகல் கடைகளில் இந்த நீளத்தில் டிரஸ்ஸிங் ஃபோர்செப்ஸ் கிடைக்கும். தொட்டிக்கென்று முத்திரை குத்திய பலவற்றைவிட அது நேர்மையான பொருள். ஆர்ட்டரி ஃபோர்செப்ஸை மட்டும் வாங்க வேண்டாம். அதன் பூட்டு ரத்தக்குழாயை விடாமல் பிடிப்பதற்காகப் பிறந்தது. செடி நடுபவருக்கு வேண்டியது விடத் தெரிந்த இடுக்கி.

பாசி சுரண்டி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடிக்குப் பிளேடு, அக்ரிலிக்குக்குப் பிளாஸ்டிக் கார்டு. மூலையில் ஒட்டியிருக்கும் சிலிக்கோனைப் பிளேடு தொட்டால் தொட்டி ஒழுகும். நூல்பாசிக்குப் பழைய டூத் பிரஷ்ஷை விட்டுச் சுழற்றினால் பஞ்சுமிட்டாய் குச்சியில் சேர்வதுபோல் திரண்டு வரும். இதைவிடச் சிறந்த கருவியை எந்த நாட்டாரும் இன்னும் விற்கவில்லை.

வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, கத்தரியைத் திறந்த நிலையில் காயவைத்து, ஆணியில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட வேண்டும். அடுத்த முறை தொட்டிக்குள் விடுமுன் துடைத்துவிட வேண்டும், இல்லையேல் நீர்ப்பரப்பில் எண்ணெய்ப்படலம் மினுங்கும். தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துவிடும்.

துருவெதிர்ப்பை அளக்கத் தொழிற்சாலைகளில் உப்புநீரைப் பனிபோலத் தெளிக்கும் ஒரு சோதனை நடத்துவார்கள். அதற்கான இயந்திரம் இல்லாத இல்லங்களில் மாவடு ஜாடி அந்தப் பணியைச் செய்கிறது. ஓரடி நீள இடுக்கி ஒன்று வீட்டுக்குள் வந்த செய்தி பரவியதும், ஜாடியின் அடியில் உப்புநீரில் மூழ்கிக் கிடக்கும் கடைசி மாவடுக்களை எடுக்க அதைவிடத் தோதான பொருள் உலகில் இல்லை என்பதை அத்தை கண்டுபிடித்துவிடுவார். ஈரக்கை படாது, ஊறுகாய் கெடாது. உப்பும் புளிப்பும் சேர்ந்த அந்தக் குளியலில் வாரக்கணக்கில் கிடந்தும் இடுக்கியின் நுனியில் புள்ளி விழவில்லை என்றால் அது எஸ்ஸன் குலத்து அசல்தான். ஆனால் மிளகாய்த்தூளும் உப்பும் கண்ட இடுக்கி மறுபடி மீன் பக்கம் வர முடியாது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் வாங்கும்போதே இரண்டாக வாங்குகிறார்கள். கத்தரிக்கு இந்த ஆபத்து இல்லை. அத்தை அதைக் கையிலெடுத்தார், காந்தம் வைத்துப் பார்த்தார், 'மட்டம்' என்று தொட்டிப் பக்கமே திருப்பி வைத்துவிட்டார்.